பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எந்தக் கோழி?



சில வாரங்களாகத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது தாய்மார் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "சாமி, புள்ளைங்க கோழி வளக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குதுங்க. எது வாங்குனா கொத்தாம கெடக்கும்?" இதையெல்லாம் சாமியாரிடம் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவர்களும் உண்டு. தயங்க வேண்டாம். இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே ஒரு கோழியைப் பற்றிப் பேசுகிறார். அவர் பேசியதை நாம் பேசுவதற்கு என்ன தயக்கம்?

பரிசேயர் சிலர் வந்து, ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும் என்கிறார்கள். இயேசு ஏரோதை நரி என்று சொல்கிறார். சொன்ன கையோடு எருசலேமை நினைத்து மனம் உருகுகிறார். குஞ்சுகளை இறக்கைக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். இணைச்சட்ட நூலில், கழுகு தன் குஞ்சுகளைச் சுமப்பதுபோலக் கடவுள் தம் மக்களைச் சுமந்தார் என்று வருகிறது. அது இயேசுவுக்குத் தெரியாததல்ல. நரிக்கு எதிரே கழுகை நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தியது முற்றத்தில் மேய்கிற ஒரு தாய்க்கோழியை.

ஒலிவ மலைச் சரிவில், எருசலேமைப் பார்த்து ஆண்டவர் அழுததை நினைவுகூரும் சிறிய கோவில் ஒன்று இருக்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூச்சி அதைக் கண்ணீர்த் துளியின் வடிவில் எழுப்பினார். 1955இல் வேலை முடிந்தது. அங்கே பலிபீடத்தின் முகப்பில் வண்ணக் கற்களால் ஒரு கோழியைப் பதித்திருக்கிறார்கள். விரித்த இறக்கைகளின் கீழே குஞ்சுகள். கோழியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். புனிதர்களின் தலையைச் சுற்றி நாம் வரைகிற அதே ஒளிவட்டம்.

நம் வீட்டு அடைக்கோழியை உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? 21 நாள் முட்டையை விட்டு அகலாது. நாளுக்கு ஒருமுறை எழுந்து, அரக்கப் பரக்க நாலு தீனி பொறுக்கி, தண்ணீர் குடித்து, முட்டை ஆறிப்போகுமுன் திரும்பிவிடும். மெதுவாகத் தூக்கி அதன் அடிவயிற்றைப் பாருங்கள். அந்த இடத்து இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். இறகு நடுவே இருந்தால் தாயின் சூடு முட்டைக்குப் போய்ச் சேராது. அதனால் அங்கே மட்டும் அது இறகை இழந்துவிடுகிறது. கடைசி ஓரிரு நாளில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு சன்னமாகக் கத்தும். தாய் தொண்டைக்குள்ளேயே மெல்லக் குரல் கொடுத்துப் பதில் சொல்லும். முகம் பார்க்காத பிள்ளையோடு பேசத் தொடங்கிவிடுகிறது.

அன்பானவர்களே, உங்களில் சிலர் செபிக்கவே முடியவில்லை சாமி, வாயே வரவில்லை என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறீர்கள். ஓட்டுக்குள் இருக்கும்போதே கேட்கிற குரலுக்குப் பதில் தருகிறவர் நம் ஆண்டவர். நீங்கள் வாய் திறக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை முட்டை கேட்டால் எந்தத் தகப்பனாவது தேளைக் கொடுப்பானா என்று இயேசு கேட்டது இதே லூக்கா நற்செய்தியில்தான். நம் பிள்ளைகள் கோழி கேட்கிறார்கள். அவர்கள் கையில் நாம் என்ன கொடுக்கிறோம்?

திருவிழாக் கடையோரமும் பள்ளிக்கூட வாசலிலும் கூடையில் வைத்து விற்கிறார்களே, ரோசா, பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்த குஞ்சுகள், அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகப் பொரிக்கப்பட்டவற்றில் சேவல் குஞ்சுகள். முட்டை இடாது, கறியும் பிடிக்காது, அதனால் வேண்டாம் என்று கழிக்கப்பட்டவை. முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும். தாயின் இறக்கை இல்லையென்றால் பெட்டிக்குள் குண்டு பல்பாவது எரிய வேண்டும். பிளாஸ்டிக் பையில் அதை வாங்கி வருகிற குழந்தைக்கு அது தெரியாது. தூக்கும், இறுக்கும், தண்ணீர்க் கிண்ணத்தில் இறக்கி நீந்தவிடும். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பெட்டிக்குள் அது விறைத்துக் கிடக்கும். குழந்தை தேம்பும். "அழாதடி, வேற வாங்கிக்கலாம்" என்போம்.

அந்த நேரத்தில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? ஓர் உயிர் போனால் அதே விலைக்கு இன்னொன்று கிடைக்கும் என்பதையா? வாங்கிக் கொடுத்தவர்கள் குற்ற உணர்வோடு வீடு போக வேண்டாம். பிள்ளையின் முகம் மலர வேண்டும் என்றுதான் வாங்கினீர்கள், அது ஆண்டவருக்குத் தெரியும். இனி வாங்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நம் சிறுவிடைப் பெட்டையே நல்லது. உருவம் சிறியது, ஒரு குழந்தையின் இரண்டு கைக்குள் அடங்கும். குருணையும் கம்பும் போட்டு, மீதியைக் குப்பையைக் கிளறித் தானே தேடிக்கொள்ளும். அடை உட்காருவதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் அதற்கு ஈடு இல்லை. வருடத்துக்கு 60, 80 முட்டைதான் இடும். பண்ணையில் வளரும் வெள்ளை லெக்கார்ன் 300ஐ ஒட்டி இடும், உண்மைதான். ஆனால் லெக்கார்ன் இனம் மிரட்சி உடையது. கதவு அறைந்தாலே கூண்டு முழுக்கப் பறந்து மோதும். முட்டைக் கணக்குப் பார்ப்பவருக்கு அது சரி, பிள்ளை மடியில் வைத்துக் கொஞ்ச அது தோதுப்படாது.

முட்டையும் கொஞ்சம் கூட வேண்டும், சாதுவாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நந்தனம் கோழியையும், ஐதராபாத்தில் உருவான வனராஜாவையும் கிராமப்பிரியாவையும் கேட்டுப் பாருங்கள். மூன்றுமே வீட்டுப் புறக்கடை வளர்ப்புக்கென்று வந்தவை. வனராஜா கனத்த உடம்பு, நிதானமாக நடக்கும். அந்தக் கனத்தாலேயே நாய் கீரி வந்தால் பறந்து தப்பத் தெரியாது. ராத்திரியில் கூண்டில் அடைத்தாக வேண்டும்.

படத்தில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பது சில்க்கி. பூனைக்குட்டி போலப் புசுபுசுவென்றிருக்கும், காலுக்கு ஐந்து விரல், பறக்காது. மார்க்கோ போலோ காலத்திலேயே சீனத்தின் இந்தக் கோழிகளைப் பற்றிப் பேச்சு உண்டு. அதன் குணத்தை நான் மெச்சுகிறேன். வாத்து முட்டையை வைத்தாலும் தன் முட்டையாகவே நினைத்து அடைகாக்கும் இரக்கமுள்ள பறவை. ஆனால் அதன் இறகு மழையைத் தாங்காது, நனைந்தால் தோல்வரை ஊறிவிடும். ஐப்பசி கார்த்திகையில் அதற்கு ஈரமில்லாத இடம் கொடுக்க முடிகிறவர்கள் மட்டும் யோசியுங்கள். 1886இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வில்லியம் குக் என்பவர் உருவாக்கிய ஆர்ப்பிங்டன் இனமும் சாதுவானது என்று பெயர் பெற்றதுதான். அதன் கனத்த இறகு அந்த ஊர்க் குளிருக்கானது, நம் சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். பேன்சி கோழிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு பெட்டைக்குஞ்சு கேட்டுப் பாருங்கள்.

சேவல் வேண்டாமா என்பீர்கள். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை, அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை ஓடியாடும் வீட்டில் சேவலை அவிழ்த்துவிடாதீர்கள். எகிறி அடித்தால் அதன் கால் முள் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும்.

அசீல் சேவலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். சேவல்கட்டுக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. இன்னொரு சேவலைக் கண்டால் சாகும்வரை விடாது. அதே சேவல், வளர்த்தவர் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கழுத்தைத் தடவினால் கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கும். நம் ஊர் இளைஞர்கள் அப்படித் தூக்கிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கை அதற்கு எவ்வளவு பழகியிருந்தால் அப்படி அடங்கும்! அந்தப் பழக்கத்தையெல்லாம் காலில் கத்தி கட்டி இன்னொரு உயிரின்மேல் ஏவத்தான் செய்தோமா? தம்பிமாரே, உங்களைக் கோவிலுக்குள் வைத்துத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சேவல்மேல் உங்களுக்கு உள்ள பாசம் உண்மையானது. அந்தப் பாசத்தை நம்பித்தான் கேட்கிறேன்.

இனம் பாதிதான், சகோதரர்களே. மீதி பாதி கையில் இருக்கிறது. எவ்வளவு சாதுவான இனமாக இருந்தாலும் விரட்டி விரட்டிப் பிடித்தால் ஆள் அரவம் கேட்டதும் ஓடும். மேலிருந்து வருகிற எதுவும் கோழிக்குப் பருந்துதான். அதனால் நின்றுகொண்டு குனியக் கூடாது. பிள்ளையைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். உள்ளங்கையில் கொஞ்சம் குருணை. கையை ஆட்டாமல் இருக்க வேண்டும். முதல் நாள் வராது. கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டாம் நாள் ஒரு மணியைக் கொத்திக்கொண்டு ஓடும். ஒரு வாரம் போனால் மடியிலேயே ஏறி நிற்கும். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் இறக்கையை மெல்ல அணைத்துப் பிடிக்கப் பழக்குங்கள். இறக்கையைப் பிடித்தோ காலைப் பிடித்தோ தொங்கவிடக் கூடாது. முத்தம் கொடுக்க விடாதீர்கள். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நல்ல ஆரோக்கியமாகத் தெரிகிற கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், சின்னக் குழந்தைகளுக்கு அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கொடுக்கும்.

மறைக்கல்விக்கு வரும் ஒரு பையன், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராதவன், சாமியார் பங்களா முற்றத்தில் இப்படிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையில் எறும்பு ஏறியது. மூக்கைச் சுருக்கினான், கையை எடுக்கவில்லை. செம்பூத்து நிறக் கோழி ஒன்று பக்கவாட்டில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தபடி வந்து கொத்தியது. "சாமி, வலிக்கவே இல்ல" என்று கிசுகிசுத்தான். சத்தமாகச் சொன்னால் அது ஓடிவிடும் என்பது அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது.

கோழியைத் தொடும் கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, நம் பிள்ளைகளைத் தொடும் கை எப்படி இருக்கிறது? இதைக் கேட்காமல் நான் இந்தப் பீடத்தைவிட்டு இறங்கக் கூடாது. பிள்ளையை அடித்துவிட்டு, கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி சொல்கிறோம். கோழி குஞ்சுகளுக்கு நடுவே எப்படி நடக்கிறது என்று ஒருநாள் பாருங்கள். காலைத் தூக்கும், விரல்களை மடக்கும், அந்தரத்திலேயே கொஞ்சம் நிறுத்தும், கீழே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊன்றும். அந்தப் பழமொழி அப்படி மிதிக்கிற காலைப் பற்றியது.

கடன், மழை, வேலையில் அவமானம், குடிக்கிற கணவன், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிள்ளையின் சின்னக் குறும்புக்குக் கை ஓங்கிவிட்டு, ராத்திரி அது தூங்கிய பிறகு அதன் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். ஆண்டவர் அந்த ராத்திரியில் உங்கள் பக்கத்தில்தான் இருந்தார். மிரண்டுபோன கோழி திரும்பி வராது என்று யார் சொன்னது? வரும். நாள் பிடிக்கும், அவ்வளவுதான். எத்தனையோ முறை சேர்க்க விரும்பினேன் என்று எருசலேமிடம் ஆண்டவர் சொல்லும்போது, ஒருமுறை கூப்பிட்டு வராததால் விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வர மறுத்தவர்களைத் தேடித்தான் அவர் அந்த நகரத்துக்கே போய்க்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் ஒருநாள் இன்னொன்றும் கேட்பார்கள். "அம்மா, இதையும் அறுத்துருவீங்களா?" பொய் சொல்லாதீர்கள். கறிக்கென்று வளர்க்கிற கோழி என்றால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். பிள்ளைக்கென்று கொடுத்த கோழி என்றால், முட்டை நின்றுபோன பிறகும் அது பிள்ளையுடையது. விருந்தாளி வந்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரம் பார்த்துக் குழம்பு வைக்காதீர்கள். விலங்குகளை உணவுக்காகப் பயன்படுத்தலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அனுமதிக்கிறது. தேவையில்லாமல் அவற்றை வதைப்பது மனித மாண்புக்கே ஒவ்வாதது என்றும் அதே ஏடு சொல்கிறது. வழியில் கூடு கண்டால் தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்காதே, தாயைப் போகவிடு என்று மோசே சட்டத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. இவ்வளவு சின்ன விஷயத்துக்கும் கடவுள் சட்டம் தந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு பறவையின் தாய்மையை மறக்காதவர் நம் வீட்டுத் துக்கத்தை எப்படி மறப்பார்?

சொல்ல ஒன்று பாக்கி. இப்போது மழைக்காலம், குஞ்சுகளுக்கு ஆகாத காலம். அவசரப்பட வேண்டாம். ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள். பொங்கல் முடிந்து மாடுகளை மந்திரிக்கக் கொண்டுவருகிற அன்று, கோழி வளர்ப்பவர்கள் பஞ்சாரத்தில் வைத்துக் கோழிகளையும் கொண்டுவாருங்கள். நம் பங்கில் சிறுவிடை வைத்திருக்கும் பாட்டிமாரிடம் ஒரு வேண்டுகோள்: தை பிறந்ததும் ஓர் அடை கூடுதலாக வையுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறையின் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கும். அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்து, தாயைவிட்டுப் பிரிந்து மேயப் பழகிய பிறகு அந்தக் குஞ்சுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது எப்படிப் பிடிப்பது, எப்படிக் காத்திருப்பது என்று அந்தப் பாட்டிமாரே கற்றுக்கொடுக்கட்டும். தனியாக இருக்கிற அவர்களின் வீட்டு முற்றத்துக்கு அந்தச் சாக்கில் நம் பிள்ளைகள் போய்வரட்டும். வேண்டுபவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.

இப்போது எழுந்து நின்று, பிள்ளைகளுக்காகவும், அவர்களை வளர்த்துக் களைத்துப்போன பெற்றோருக்காகவும், பிள்ளைச் செல்வத்துக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்காகவும் மன்றாடுவோம்.